வெயில் இல்லாத வெளிச்சம்

மில்லு லைன் கூட்டாளிகளுக்கு,

எழுதுகிறவன் என்று ஒருவன் ஊரில் பெயரெடுத்துவிட்டால் அவன் கதை முடிந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்ப்பது, கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு இரண்டு வரி சொல்வது, சாக்கடை அடைப்புக்கு மனு எழுதுவது எல்லாம் அவன் தலையில்தான் விடியும். போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எனக்குப் போட்ட உத்தரவும் அந்த வகைதான். "மாப்ள, நம்ம மில்ல இடிக்கவா விடவான்னு பாக்க ஆளுக வாராங்களாம். கட்டடத்தோட பாரம்பரிய முக்கியத்துவம்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொண்டு போயி வாசிச்சிரு." கட்டைவிரலை உயர்த்தி ஆமோதித்தவர்கள் ஏராளம். நேரில் வந்தவர் ஒருவரும் இல்லை. ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்குப் பேத்தியின் பள்ளி ஆண்டு விழா. வசதி வந்து கே.கே. நகருக்குப் போனவருக்கு, கே.கே. நகரில் இருப்பதே போதுமான காரணம்.

இப்போது தினமும் காலையில் "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டு விடுகிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு என் அத்தைக்கு மாப்பிள்ளை தேடிய அந்தப் புரட்டாசிக்கு ஒருமுறை போய்விட்டு வர வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேறு வேலை இல்லை என்பது குழுவில் நீங்கள் அனுப்பும் காலை வணக்கங்களிலிருந்தே தெரிகிறது.

மில்லுச் சுவரை ஒட்டி வரிசையாக நின்ற நம் லைன் வீடுகளைப் பற்றி வெளியாட்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது: அங்கே எப்போதும் சண்டை. உண்மையில் சண்டை குறைவு, சத்தம்தான் அதிகம். நாள் முழுக்கத் தறிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்குக் குரலைக் குறைக்கத் தெரியாது. என் அப்பா தறி ஓட்டுகிறவர். அவர் ரசம் கேட்டால் வைகைக்கு அக்கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். "சாமி கும்பிட்டியாடா?" என்று அன்பாகக் கேட்பார், பக்கத்து வீட்டுக் குழந்தை அழத் தொடங்கும்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு பேச்சும் நம்மிடம் இருந்தது, நினைவிருக்கிறதா? ஊமைப் பேச்சு. தறிக்கூடத்தின் இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது என்பதால், சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவது. அதை வாசிப்பதில் பெண்கள் கெட்டிக்காரர்கள். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தறிகளை ஒட்டியிருந்த நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தாள். கூடத்தின் அந்தக் கடைசியில் நிற்பவளின் உதட்டைப் பார்த்து, அவள் வீட்டில் இரவு என்ன குழம்பு என்று இந்தக் கடைசியிலிருந்து சொல்லிவிடுவாள். வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் தலைக்கு மேலாகவே அம்மாவும் அத்தையும் ஊமைப் பேச்சில் அவரை விமர்சித்துச் சிரிப்பார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தால் இருவர் முகமும் கோயில் சிலை. நாமும் அரைகுறையாகக் கற்றோம். நம்மில் சிலர் பத்தாம் வகுப்புத் தேறியதில் இந்தக் கலைக்குள்ள பங்கை இங்கே விரிவாக எழுத வேண்டாமென்று நினைக்கிறேன்.

மாலையில் ஷிப்டு விட்டு வரும்போது அத்தை கிழவியாக வருவாள். தலை, புருவம், கண்ணிமை எல்லாம் பஞ்சுத் தூசியில் வெள்ளை. குழாயடியில் நின்று தலையை ஓர் உதறு உதறினால் மறுபடி இளம்பெண். அந்த மந்திரத்தைப் பார்க்கவே நாங்கள் அங்கே காத்திருப்போம். அவள் மடியில் எங்களுக்கென்று எப்போதும் ஒரு உடைந்த மரக் கட்டை இருக்கும், நூல் சுற்றுவதற்கானது. ஒரு முனையில் சிவப்போ பச்சையோ வளையம் தீட்டியிருக்கும். அவற்றை வைத்து ரயில் விட்டோம், படை நடத்தினோம், கடைசியில் அடுப்பில் போட்டு வெந்நீர் காய்ச்சினோம். போன வருடம் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பறையில் அதே கட்டைகளைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு விளக்கொளியில் வைத்திருந்ததைப் பார்த்தேன். நாம் எரித்ததையெல்லாம் கணக்குப் பார்த்தால் அந்த ஹோட்டலையே வாங்கியிருக்கலாம்.

அத்தைக்கு முதலில் வந்தது நகரத்து வரன். வீட்டுக்கே வந்தார்கள். அப்பா மரியாதையாக "வாங்க! உக்காருங்க!" என்றார். வந்த பெரியவர் சட்டென்று குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து "காப்பியா, கலரா?" என்று விசாரித்ததும் உட்கார்ந்திருந்த இன்னொருவர் எழுந்தேவிட்டார். கேசரி வருவதற்குள் கிளம்பிப் போனவர்கள் மறுநாள் சொல்லி அனுப்பினார்கள்: "பொண்ணு நல்ல பொண்ணு. குடும்பத்துலதான் ஒத்துமை இல்ல போலருக்கு."

"நாமளா சண்டை போட்டோம்!" என்று அப்பா கேட்ட கேள்வி நான்கு வீதிக்கும் கேட்டது. ஆமாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வீட்டில் இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அத்தைக்கு அந்த வயதிலேயே காது லேசாக மந்தம். உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவாள் என்பதால் வெளியே தெரியாது. அது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான் என்று அப்பா நடுங்கினார். இது போதாதென்று அத்தை ஒரு நிபந்தனை வேறு போட்டாள். யார் வேண்டுமானாலும் வரட்டும், ஆனால் அவள் மில்லை விடமாட்டாள்.

"சம்பளத்துக்காகவா?" என்றாள் அம்மா. "வரப்போறவரு சம்பாதிக்க மாட்டாரா?"

"சம்பளத்த யாரு கேட்டா மதினி? அந்த வெளிச்சத்துல நின்னுட்டு வந்து ஒரு அடுப்படிக்குள்ள எப்படி உக்காருறது?"

"மில்லுல என்னத்தா வெளிச்சம்?" என்றார் அப்பா. "எனக்குத் தெரியாம எங்கிட்டு வச்சிருக்கான்?"

அவர் கேட்டது கிண்டலுக்கு இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது. தறி ஓட்டுகிறவனின் கண் எப்போதும் ஓடுகிற இழையில் இருக்க வேண்டும். நிமிர்ந்தால் இழை அறும். விவரம் தெரிந்த நாள் முதல் அந்தக் கூரைக்குக் கீழே நின்றவர், ஒருநாள்கூட அதைப் பார்த்ததில்லை.

அடுத்து வந்ததுதான் உசிலம்பட்டி வரன். உசிலம்பட்டிக்கும் மேற்கே, மழையை நம்பி விதைக்கிற ஒரு கிராமத்துச் சம்சாரி. கொண்டுவந்தவர் அத்தையின் பகுதி மேஸ்திரி. இந்த முறை வீட்டில் வைத்துப் பெண் பார்க்கக் கூடாது என்று அப்பா முடிவு செய்தார். நம் வழக்கப்படி ஆயுத பூஜையன்று மில்லில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழக்கம் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. மதுரையில் மற்றவர்களுக்குத் 'தற்செயலாக'ப் பெண் பார்ப்பதற்கு மீனாட்சி கோயில் குளத்தங்கரை இருந்தது. நமக்கு ஆயுத பூஜை மில்லு. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். பெண் தன் மிஷினுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்பாள். மாப்பிள்ளை வீட்டார் யாரோ தெரிந்தவரோடு பொரிகடலை வாங்க வந்தது போலக் கூடத்தின் மறுகோடியில் நிற்பார்கள். பிடித்திருந்தால் மேஸ்திரி மூலம் தகவல் வரும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. மானம் போகாமல் மனிதர்கள் ஒருவரை ஒருவர் நிராகரிக்க இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"தூரத்துல நிக்கப்போறாக. சத்தமும் கேக்காது, காது கதையும் தெரியாது" என்று அப்பா மகிழ்ந்தார். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. குறிப்பா நானு."

அன்றுதான் நான் முதன்முதலாக உள்ளே போனேன்.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. சந்தனம், மிஷின் எண்ணெய், உடைத்த தேங்காய், வெந்து தணிந்தது போன்ற ஒரு இரும்பு வாசனை. அதற்கு முன்பு எனக்கு மில்லு என்பது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரவும் பகலும் வரும் ஓர் உறுமல். தூங்கும்போது பாயின் வழியாக முதுகில் உணர்வது. அன்று அந்த உறுமல் நின்றிருந்தது. ஒரு பெரிய மிருகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்ப்பது போல அத்தனை தறிகளும் செவ்வந்தி மாலை போட்டு அசையாமல் நின்றன. ஆயிரங்கால் மண்டபத்தை யாரோ இரும்பில் வார்த்துவிட்டு, சிற்பம் செதுக்க மறந்துபோனது போல மெல்லிய தூண்கள் வரிசை வரிசையாகக் கண்ணுக்கெட்டாத தூரம் வரை போயின.

பிறகு மேலே பார்த்தேன்.

நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். இருந்தாலும் சொல்கிறேன். ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடும் கூரை. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் ஓட்டுச் சரிவு; மறுபக்கம் முழுவதும் கண்ணாடி. கண்ணாடி அத்தனையும் வடக்கே பார்த்திருக்கும். சூரியன் தெற்குச் சரிவில் முட்டிக்கொண்டு வெளியிலேயே நிற்க, வானத்தின் வெளிச்சம் மட்டும் கண்ணாடி வழியாக இறங்கும். நூல் அறுவது எந்த மூலையிலும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக யாரோ ஒரு பொறியாளர் போட்ட கணக்கு அது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பால் போன்ற ஒன்று மேலிருந்து வந்து, எங்கும் சிந்தாமல், எல்லார் மீதும் ஒரே அளவாக நின்றுகொண்டிருந்தது. அதற்குத் திசை இல்லை. சூடு இல்லை. வெளியே மண்டையைப் பிளக்கிற மதுரை வெயில். உள்ளே அதே பகல், ஆனால் கழுவித் துவைத்துக் காயப்போட்ட பகல். எனக்கு வாய் திறந்தது, மூடவில்லை. நம்ம வீட்டுப் பெரியவர்கள் தினமும் இதற்குள்ளா வந்து போகிறார்கள்? வந்துபோய்விட்டு, ஒன்றுமே நடக்காதது போல வீட்டில் உட்கார்ந்து ரசம் கேட்கிறார்களா?

எத்தனை நேரம் அண்ணாந்து நின்றேனோ, கழுத்து வலித்துக் கீழே குனிந்தபோதுதான் அந்தப் பயங்கரத்தைக் கண்டேன். என் நிழலைக் காணவில்லை.

பேய்க்கு நிழல் விழாது என்ற தகவலை எனக்கு அந்த வாரம்தான் நம் லைன் கூட்டாளி ஒருவன் ஆதாரத்தோடு சொல்லியிருந்தான். (ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியராக அவன் இப்போதும் குழுவில் இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன்.) அம்மாவைப் பார்த்தேன்; அவளுக்கும் நிழல் இல்லை. மேஸ்திரிக்கு இல்லை. பொரிகடலை விநியோகித்தவருக்கு இல்லை. உள்ளே நுழைந்த அத்தனை பேரும் ஒட்டுமொத்தமாகச் செத்துப்போயிருந்தோம். அது தெரியாமல் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதே நேரத்தில்தான் கூடத்தின் அந்தக் கோடியில் 'தற்செயலாக' உசிலம்பட்டிக்காரர்கள் வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா, இரண்டு பெரியவர்கள், நடுவில் மொறமொறப்பான புதுச் சட்டையில் மாப்பிள்ளை. இந்தக் கோடியில் அத்தை தன் மிஷினருகே தலைகுனிந்து நின்றாள். ஆனால் கண் மட்டும் நிமிர்ந்திருந்தது. அங்கே அவர்கள் ரகசியமாகக் குசுகுசுத்ததையெல்லாம் அவள் இங்கிருந்து ஊமைப் பேச்சில் அம்மாவுக்கு வரி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். 'ஒசரம் கொஞ்சம் தூக்கலு'ங்கிறாக. 'நெறம் பரவால்ல'ங்கிறாக. 'கல்யாணம் முடிஞ்சா மில்லு கில்லெல்லாம் கெடையாது'ங்கிறாக.

மாப்பிள்ளை மட்டும் பெண்ணைப் பார்க்கவில்லை. அவர் தலை பின்பக்கம் சாய்ந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே கூட்டத்திலிருந்து பிரிந்து, தறிகளுக்கு நடுவில் ஓரிடத்தில் வந்து நின்றார். மழை தூறுகிறதா என்று பார்ப்பவர் போல உள்ளங்கையை விரித்து நீட்டினார். உதடு ஏதோ முணுமுணுத்தது.

சரியாக அப்போதுதான் நான் அழ ஆரம்பித்தேன். "நெழலக் காணோம்! எல்லாரும் செத்துட்டோம்!"

லைன் வீட்டுப் பிள்ளையின் தொண்டை. மில்லு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் அந்த மாப்பிள்ளைதான். அவர் என்னைப் பார்த்தார். தன் காலடியைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு மற்ற காலையும் தூக்கிப் பார்த்தார்.

"எனக்கும்தாண்டா இல்ல" என்றார் மெதுவாக. நாங்கள் இருவரும் மீண்டும் மேலே பார்த்தோம்.

இந்தக் காட்சியைத் தூரத்திலிருந்து அப்பா பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வந்தது. "வேணாம். பொண்ணு பாக்க வந்தவன் கூரையைப் பாத்துட்டுப் போறான். கொக்கு மாதிரி காலத் தூக்கித் தூக்கிப் பாக்குறான். அரைக்கிறுக்கு."

"அண்ணே, எனக்கு இவருதான்" என்றாள் அத்தை.

"அவன் ஒன்னைய ஏறெடுத்தே பாக்கலையேத்தா!"

"நான் பாத்தேன். அவரு சொன்னதப் பாத்தேன்."

"என்னத்தச் சொன்னான்?"

"'எம்மாடி! வெயிலே இல்லாம எம்புட்டு வெளிச்சம்!'னாரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "இது ஒரு தகுதியா?" என்றார் அப்பா.

"நீ இம்புட்டு வருசமா உள்ள போயிட்டு வாரியே, ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

எனக்கு இப்போது புரிகிறது. அந்த மாப்பிள்ளையின் ஊர்ப்பக்கம் வெளிச்சம் என்றால் வெயில்தான். கம்பும் சோளமும் கருகுவது அதில்தான், மாடு மூச்சிரைப்பது அதில்தான். வெளிச்சத்திலிருந்து வெயிலைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியும் என்று பார்த்த முதல் நாள் அவருக்கு அது. தண்ணீரிலிருந்து நனைவதை எடுத்துவிட்டுக் கொடுத்தால் நாம் எப்படி நிற்போமோ அப்படி நின்றிருக்கிறார். வளர்ந்தவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. கிறுக்கு என்ற பதில் கைவசம் இருக்கும்போது வேறு பதிலை யார் தேடுவார்?

அப்பா மேஸ்திரியிடம் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள். வாய்ப்பேச்சும் இல்லை, ஊமைப் பேச்சும் இல்லை. குழாயடியில் தலையை உதறுவதையும் நிறுத்தினாள். பஞ்சு படிந்த தலையோடேயே வந்து சாப்பிட்டு, அப்படியே படுப்பாள். எங்கள் வீட்டுக்குள் ஒரு கிழவி வந்து குடியேறிவிட்டது போலிருந்தது. அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். "அண்ணன் நான் இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று அவர் முழங்கினார். ஆனால் முழக்கத்தில் இழை அறுந்திருந்தது.

இந்த நேரத்தில் ஒருநாள் ஷிப்டு முடிந்து வெளியே வந்த அப்பா, மில்லு வாசலில் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தவரைப் பார்த்து நின்றுவிட்டார். அதே புதுச் சட்டை. உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். அப்பாவைக் கண்டதும் அவர் பதறிப்போனார்.

"அண்ணே, பொண்ணு விசயமா வரலண்ணே. நீங்க வேணாம்னுட்டிக, அது சரிதேன். மேல ஒருக்கா பாத்துக்கிற விடுவாகளான்னு கேக்க வந்தேன்."

"மேலன்னா?"

"அந்தக் கூரைய."

"அடுத்த ஆயுத பூசைக்குத்தான் விடுவாக."

"ஓ." அவர் யோசித்தார். "அப்ப அடுத்த வருசம் வாரேன்."

அப்பா அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீயை அவரும் குடித்தார், இவரும் குடித்தார். பஸ் ஏற்றிவிட்டு வந்து, "சந்தேகமே இல்ல, முழுக்கிறுக்கு" என்று அறிவித்தார் அப்பா.

மறுநாள் அப்பாவின் தறியில் துணி பாழானது. அவர் வாழ்க்கையில் நடக்காத விஷயம். இழை அறுந்தது தெரியாமல் தறி பாட்டுக்கு ஓட, அவர் அண்ணாந்து எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருந்தாராம். மேஸ்திரி வந்து தோளைத் தட்டித் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக் கழற்றாமல் நெடுநேரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. அப்பா பேசி எங்களுக்குக் கேட்காமல்போனது அதுதான் முதல்தடவை. அம்மா அருகில் போய், "என்ன?" என்றாள்.

"அந்தப் பயலுக்கே குடுத்துரலாம்" என்றார் அப்பா. அவருக்கு அப்படி ஒரு மெல்லிய குரல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

வாசலருகே நின்றிருந்த அத்தைக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் உதட்டைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் குழாயடிக்குப் போனாள். தலையை ஓர் உதறு உதறினாள்.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். அத்தை மில்லை விட வேண்டாமென்று, மாமா நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு மதுரைக்கு வந்தார். மில்லுக்குப் பின்தெருவில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை போட்டார். அவரைக் 'கூரை மாப்பிள்ளை' என்று நாம் கூப்பிட்டோம். அவரும் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். "எம்மகன் பொண்ணக் கட்டல, ஒரு கொட்டகையக் கட்டிக்கிட்டான்" என்று அவர் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய், அதே இடத்தில் நின்று மேலே பார்ப்பார். பிறகு ஒருமுறை காலைத் தூக்கிப் பார்ப்பார். என்னைத் தேடிச் சிரிப்பார். மில்லு மூடிய வருடமும் போனார். கதவு பூட்டியிருந்தது. அதன்பின் அவர் அந்தத் தெருப்பக்கமே பார்க்காமல் கடை நடத்தி, ஒரு கோடையில் போய்ச் சேர்ந்தார்.

இனி, மில்லைப் பார்வையிட அந்த ஆட்கள் வந்த போன வாரம்.

அத்தையைக் கூட்டிப்போகும் எண்ணம் எனக்கு இல்லை. அவளுக்கு இப்போது சுத்தமாகக் காது கேட்காது. தலையில் இருப்பதும் உதறினால் போகிற வெள்ளை இல்லை. ஆனால் நான் வாசலில் செருப்பு மாட்டும்போது அவளும் மாட்டிக்கொண்டிருந்தாள். "நானும் வாரேன் மருமகனே. வரன் பாக்கையில வீட்டு ஆளு ஒருத்தராச்சும் நிக்கணும்ல" என்றாள், மொத்தத் தெருவுக்கும்.

உள்ளே தறிகள் இல்லை. எல்லாம் என்றோ எடைக்குப் போய்விட்டன. அவை நின்ற இடத்தில் தரையில் துருப்பிடித்த ஆணிகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. சுவரில் அரசமரக் கன்று. தூணுக்குத் தூண் புறா. தெற்குச் சரிவில் ஓடு போன இடங்களில் வெயில் கத்தி கத்தியாக இறங்கிக் குத்தி நின்றது. ஆனால் அந்தக் கத்திகளுக்கு நடுவே அது இருந்தது, கூட்டாளிகளே. அப்படியே இருந்தது. யாரும் அதை எடைக்கு எடுத்துப்போயிருக்கவில்லை. திசை இல்லாமல், சூடு இல்லாமல், பார்க்க ஒரு ஆளும் இல்லாமல், இத்தனை வருடம் தினமும் காலையில் வந்து வெறும் தரையில் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. நான் தடுமாறிவிட்டேன். மறுபடியும் வாய் திறந்துகொண்டது.

வந்திருந்த குழுவில் தலைமை அதிகாரி ஒருவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர். கூட ஒரு இளம் பெண் பொறியாளர். இப்போதைய உரிமையாளர் சார்பில் ஒருவர், கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு. என் இரண்டு பக்கங்களை வாசித்தேன். செங்கல் எந்தச் சூளை, தூண் எந்தக் கப்பல், நகரத்தின் தொழில் வரலாற்றில் இதன் இடம் என்று எல்லாம் இருந்தது. புறாக்கள் மட்டும் கடைசிவரை இருந்து கேட்டன. அதிகாரி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பொறியாளர் கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மடித்து வைத்தாள். எழுதியவன் என்ற முறையில் எனக்கே தூக்கம் வந்தது.

"சார், பாரம்பரியம்னா மிஷினாவது இருக்கணும்ல?" என்றார் உரிமையாளர் தரப்பு. "இது வெறும் ஷெட்டு சார். உள்ள ஒண்ணுமே இல்ல."

அது வாதமாகச் சரிதான். நான் திரும்பிப் பார்த்தேன். உள்ளே எதுவும் இல்லைதான். இருப்பது ஒன்றே ஒன்று. அதைக் காகிதத்தில் எழுதிக் கோப்பில் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. என் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். முடிவு எழுத்தில் வர நாளாகும் என்றார்கள். உரிமையாளர் தரப்பு எல்லோரையும் வாசல் பக்கம் நகர்த்தத் தொடங்கினார். எல்லோரும் நகர்ந்தோம்.

பாதி தூரம் வந்தபின்தான் அதிகாரி எங்களோடு இல்லை என்று தெரிந்தது. அவர் கூடத்தின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தலை பின்பக்கம் சாய்ந்திருந்தது. உதடு லேசாக அசைந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் குனிந்து, எதையோ தவறவிட்டவர் போலத் தன் காலைச் சுற்றித் தரையில் தேடினார்.

நான் அத்தையைத் தேடினேன். அவள் கூடத்தின் ஓரத்தில், தன் மிஷின் நின்ற இடத்துக்குப் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை குனிந்திருந்தது. கண் மட்டும் நிமிர்ந்திருந்தது. அவள் பார்த்திருக்கிறாள்.

என்ன சொன்னார் என்று நான் கையால் கேட்டேன்.

வாயைத் திறந்தால் மொத்த மில்லுக்கும் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். ஊமைப் பேச்சை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மறக்கவில்லை. அத்தனை தூண்களையும் தாண்டி, அந்த வெளிச்சத்தில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தெரிந்தது.

'எம்மாடின்னாரு' என்றாள் அத்தை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

'மாப்பிள்ளை வீட்டுக்குப் பொண்ணப் பிடிச்சிருச்சு.'